சோதனைக்கு எங்கட இதயம், மருந்துக்கு அவையின்ர விலை

"சாகவெண்டு சாப்பிட்டவளுக்கு என்னத்துக்கு இவ்வளவு செலவு?"

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க ஏலாது. ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்கும். செத்தவீட்டுப் பந்தலில், வெத்திலைத் தட்டுக்குப் பக்கத்தில் கேட்கும். சொல்லுறவை எல்லாரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. பலர் களைத்துப்போய்ச் சொல்லுகினம், சிலர் பயத்தில் சொல்லுகினம். ஆனால் இந்த வசனம் வாசலோடு நிற்கவில்லை. எந்த மருந்தை நாடு வாங்கும், எதை வாங்காது, எது எந்த ஆஸ்பத்திரியின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் என்ற முடிவுகளுக்குள்ளும் அது இருக்கிறது. யாரும் எழுதிக் கையெழுத்து வைக்காத ஒரு கொள்கையாக, இருபது வருசத்துக்கு மேலாக.

நான் கதைக்கப்போவது அலரி பற்றி. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அரளி என்றால் விளங்கும். மஞ்சள் பூ, நீட்டு இலை, வேலியோரம் நிற்கிற மரம். பூவை சாமிக்கு வைக்கிறம். ஆடு மாடு கடிக்காது, தண்ணி ஊற்றத் தேவையில்லை, ஆகவே வேலிக்கு நல்லது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் இருந்து வந்த செடி, ஆனால் இன்றைக்கு அது எங்கட ஊர் மரம்தான். அதன் விதை இதயத்தைத் தாக்கும். எப்படி, எவ்வளவு என்ற விபரம் எதையும் நான் இங்கே எழுதமாட்டன். ஏன் என்பதற்கு எங்கட குடாநாட்டின் வரலாறே காரணம் சொல்லும்.

1980 இல் வடக்கில் இரண்டு மாணவிகள் இந்த விதையால் இறந்தார்கள். செய்தி பரவலாக வெளியானது. அதுக்கு முந்தி இந்த வழியில் ஆஸ்பத்திரிக்கு வருவது அபூர்வம். அடுத்த வருசம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு 23 பேர் வந்தார்கள். 1982 இல் 46. 1983 இல் 103. மரம் அதே மரம், விதை அதே விதை. பரவினது ஒரு கதை. பத்திரிகைக்காரருக்கு இதைவிடக் கடுமையான பாடம் வேறெங்கும் கிடைத்திருக்காது. ஆனால் இன்றைக்கும் எங்கட இணையச் செய்தித் தளங்கள் பிள்ளையின் படம், பாடசாலைப் பெயர், சாப்பிட்ட பொருள் என்று எல்லாத்தையும் போட்டு, கடைசியில் ஒரு அழுகிற முகக்குறியும் போடுகின்றன. அது வேறொரு சண்டை, இன்னொரு நாளைக்குப் பிடிக்கலாம். யாழ்ப்பாணத்தில் சட்ட மருத்துவப் பேராசிரியராக இருந்த சரவணபவானந்தன், கணேசமூர்த்தியோடு சேர்ந்து 170 நோயாளர்களை ஆராய்ந்து 1988 இல் ஒரு சர்வதேச சஞ்சிகையில் எழுதினார். போர் நடுவில், மின்சாரம் வந்து போகிற ஊரில் இருந்து. உலகத்துக்கு இந்த நோயை விபரமாகச் சொன்ன ஆரம்பக் குரல்களில் ஒன்று எங்கட ஆஸ்பத்திரிக் குரல். இதை எங்கட மருத்துவ மாணவர்களில் எத்தனை பேர் அறிவினம் என்று கேட்டுப் பாருங்கோ.

இனி விதை இதயத்துக்குள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்பம். இதயத் தசையின் ஒவ்வொரு கலத்திலும் ஒரு பம்பி இருக்கிறது, சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற பம்பி. அலரி நஞ்சு அந்தப் பம்பியின் கழுத்தைப் பிடிக்கிறது. பொட்டாசியம் வெளியே இரத்தத்தில் கூடுகிறது, கலத்துக்குள் கல்சியம் சேர்கிறது. மேல் அறையில் இருந்து கீழ் அறைக்குப் போகிற மின்செய்தி தடைப்படுகிறது. இதயம் மெல்ல மெல்ல அடிக்கும், இடையில் ஒரு துடிப்புத் தப்பும், பிறகு தாறுமாறாகும். கடைசிக் கட்டத்தில் மின்னதிர்ச்சி குடுத்தாலும் பல நேரம் திரும்பாது. இதில் கொடுமை என்னவென்றால் ஆரம்பத்தில் ஆள் நல்லாத்தான் இருப்பார். சத்தி எடுத்திருப்பார், கதைப்பார், "ஒண்டுமில்லை, வீட்ட போகப்போறன்" என்பார். சில மணித்தியாலம் கழித்துத்தான் இசிஜி மாறும். ஆகவே நல்லா இருக்கிறா என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1990 க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும், வடக்கில் 2018 இல் இருந்து ஓடுகிறது. 1998 இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கின சட்டப்பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. பொலிசுக்குப் பயந்து ஒளிக்கிற காலம் முடிந்து கால் நூற்றாண்டு ஆகிறது, இன்னும் சனம் ஒளிக்குது.

அதே பம்பியைப் பிடிக்கிற இன்னொரு செடி இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் இலையை 1785 இல் வில்லியம் விதரிங் என்ற வைத்தியர் மருந்தாக எழுதிவைத்தார். அதன் வழியில் வந்ததுதான் டிஜொக்சின், எங்கட அம்மம்மாமார் பலர் இதயத்துக்குக் குடிச்ச சின்ன வெள்ளைக் குளிசை. அளவு கூடினால் அதுவும் அலரி மாதிரித்தான். மேற்கு நாடுகளில் டிஜொக்சின் கூடிப்போனவர்களுக்காக ஒரு முறிமருந்து கண்டுபிடித்தார்கள். டிஜொக்சினை ஒரு புரதத்தோடு ஒட்டிச் செம்மறி ஆட்டுக்கு ஏற்ற, ஆட்டின் இரத்தத்தில் அதுக்கு எதிரான பிறபொருளெதிரி உண்டாகும். அந்தப் பிறபொருளெதிரியை வெட்டி, பிடிக்கிற நுனியை மட்டும் எடுப்பார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் பாப். நஞ்சை அது கவ்விக்கொண்டு போகும், பம்பி விடுபடும்.

1976 இல் அமெரிக்காவின் பொஸ்டனில் இதை முதன்முதலாக ஒரு மனிதருக்கு ஏற்றிக் காப்பாற்றின செய்தி வெளியானது. அந்த மனிதர் யார்? தன் உயிரை எடுக்கவென்று டிஜொக்சின் குளிசை விழுங்கின 39 வயது ஆண். அங்கே யாராவது "சாகவெண்டு குடிச்சவனுக்கு ஏன் செலவு" என்று கேட்டிருந்தால் இந்த மருந்தின் வரலாறே தொடங்கியிருக்காது. பத்து வருசம் கழித்து, 1986 இல், அமெரிக்கா அதை டிஜிபைண்ட் என்ற பெயரில் அங்கீகரித்தது.

இப்ப கேள்வி: டிஜொக்சினுக்குச் செய்த முறிமருந்து அலரிக்கும் வேலை செய்யுமா? இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் ஒரே மூலக்கூறு இல்லை. செய்யும் என்று நம்பலாம். நம்பிக் குடுக்கலாமா?

இந்த இடத்தில் எங்கட பக்கத்து ஆட்கள் சிலரோடு எனக்குச் சண்டை இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வு என்றாலே "வெள்ளைக்காரன் எங்களை எலியாக்கிறான்" என்று தொடங்குகிற தோழர்கள். உங்கட கோபத்தின் வேர் எனக்கு விளங்குது. ஆனால் இதய லயம் பற்றின மருந்தைச் சோதிக்காமல் குடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அமெரிக்கா தன்ர சனத்திலேயே கண்டது. மாரடைப்புக்குப் பிறகு இதயம் இடையிடையே தப்பி அடித்தவர்களுக்கு என்கைனைட், பிளெக்கைனைட் என்று இரண்டு மருந்துகளைக் குடுத்துவந்தார்கள். இசிஜி அழகாகச் சீராகும், டொக்டர் சந்தோசம், நோயாளி சந்தோசம். ஒரு பெரிய ஆய்வு வைத்துப் பார்த்தார்கள். 1989 இல் அந்தப் பகுதியை இடைநடுவில் நிறுத்தவேண்டி வந்தது. மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாக்குளிசை எடுத்த 743 பேரில் 26 பேர். லயத்தைத் திருத்தின மருந்து ஆளைக் கொன்றது. சோதனை இல்லாவிட்டால் இன்றைக்கும் எங்கட தனியார் கிளினிக்குகளில் அது விற்பட்டுக்கொண்டிருக்கும், நல்ல மருந்து என்று சொல்லி.

ஆகவே சோதித்தது சரி. 1990 களின் கடைசியில் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அந்தச் சோதனை நடந்தது. மைக்கல் எடில்ஸ்டன், றெஸ்வி ஷெரிப், டேவிட் வொறல் ஆகியோரும் இலங்கை வைத்தியர்கள் பலரும் செய்தது. 2000 மார்ச்சில் 'லான்செட்' சஞ்சிகையில் வந்தது. அலரி உட்கொண்டு வந்த 351 பேரில் ஆபத்தான லயக் கோளாறு இருந்த 66 பேரைத் தெரிந்து, குலுக்கல் முறையில் 34 பேருக்கு 1200 மில்லிகிராம் பாப், 32 பேருக்கு வெறும் சேலைன். வழமையான சிகிச்சை இரண்டு பக்கத்துக்கும் கிடைத்தது. இரண்டு மணித்தியாலத்தில் பாப் கிடைத்த 15 பேரின் இதயம் இயல்பான லயத்துக்குத் திரும்பியிருந்தது, சேலைன் பக்கத்தில் 2 பேர். சராசரித் துடிப்பு நிமிடத்துக்கு 49 இல் இருந்து 67 க்கு ஏறியது. மற்றப் பக்கம் 51 இலேயே நின்றது. கூடியிருந்த பொட்டாசியமும் இறங்கியது. வைத்திய ஆய்வுகளில் முடிவு இவ்வளவு தெளிவாக வருவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

ஒரு பக்கக் கதை. இந்த நோய் தொடங்கின குடாநாட்டில் இருந்து அந்த நாட்களில் கொழும்புக்கு ஒருத்தரை எப்படி அனுப்புவது? ஏ9 மூடியிருந்தது. கப்பல் என்றால் திருகோணமலை சுத்தி. 1998 செப்ரெம்பரில் பலாலியில் இருந்து பறந்த பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் இறந்தபின் சிவில் விமானமும் நின்றது. அலரிக்கு மணித்தியாலக் கணக்கு, எங்களுக்கு நாள்க்கணக்கு. 170 பேரின் கதையை உலகத்துக்குச் சொன்ன ஊருக்கு மருந்தும் எட்டவில்லை, சோதனையும் எட்டவில்லை.

சரி, மருந்து வேலை செய்யும் என்று உறுதியாச்சு. பிறகு?

பிறகு நடந்ததைச் சொல்ல ஒரு கட்டுரைத் தலைப்பே போதும். அதே ஆய்வாளர்கள் 2003 இல் அதே 'லான்செட்'டில் எழுதினார்கள்: தாவர நஞ்சுக்கு வாங்கக்கூடிய விலையில் முறிமருந்து இல்லாததால் ஏற்பட்ட இறப்புகள். கொஞ்சக் காலம் மருந்து இலங்கையில் கிடைத்தது, ஆஸ்பத்திரிகளில் இறப்புக் குறைந்தது. 2002 நடுப்பகுதியில் அது இல்லாமல் போனது, இறப்புத் திரும்பவும் ஏறியது. காரணம் விலை. இதைவிடக் கொடிய 'இரண்டாவது சோதனை' ஒன்றை எந்த ஒழுக்கநெறிக் குழுவும் அனுமதித்திருக்காது: மருந்தைக் குடுத்துப் பார், எடுத்துப் பார், எத்தனை பேர் சாகினம் என்று எண்ணு. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது உண்மை. திட்டமிடாமலே அது நடந்தது.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்பம். இன்று சந்தையில் இருக்கிற டிஜிபாப் ஒரு குப்பியில் 40 மில்லிகிராம். சோதனையில் குடுத்த அளவுக்கு ஒரு ஆளுக்கு 30 குப்பி வேணும். அமெரிக்காவில் ஒரு குப்பியின் விலை ஆயிரக்கணக்கான டொலர். பணக்கார நாட்டில் இந்த மருந்து தேவைப்படுகிறவர்கள் கொஞ்சப் பேர். இலங்கையில் அலரி வருசம் தோறும் ஆயிரக்கணக்கானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. கொம்பனிக்கு அந்தக் கொஞ்சப் பேரின் காப்புறுதிக் காசு போதும். பழைய டிஜிபைண்டின் உற்பத்தி 2011 இல் நின்றது. டிஜிபாப் வைத்திருந்த கொம்பனியை 2019 இல் பொஸ்டன் சயன்டிபிக் வாங்கியது. 2021 இல் அந்த முறிமருந்துப் பிரிவை மட்டும் பிரித்து 80 கோடி டொலருக்கு விற்றது. அந்த விலைப்பேச்சில் அனுராதபுரத்து வார்ட்டோ யாழ்ப்பாணத்து வார்ட்டோ ஒரு வரியாகவேனும் இருந்திருக்கும் என்று நம்ப என்னால் ஏலாது. பிறகு இங்கே சில ஆஸ்பத்திரிகளில் மருந்து கிடைத்தபோதும் எண்ணி எண்ணித்தான், சோதனையில் குடுத்ததைவிட எவ்வளவோ குறைத்துத்தான் ஏற்றினார்கள்.

இதுக்கெல்லாம் விதி இல்லையா? இருக்கு. 2000 ஒக்ரோபரில், இலங்கை ஆய்வு வெளியாகி ஏழு மாதத்தில், உலக மருத்துவச் சங்கம் ஹெல்சின்கிப் பிரகடனத்தைத் திருத்தியது. எந்தச் சனத்தில் ஆய்வு நடக்கிறதோ அந்தச் சனத்துக்கு அதன் பலன் கிடைக்க நியாயமான வாய்ப்பு இருந்தால் மட்டும்தான் ஆய்வு நியாயம் என்று 19 ஆம் பந்தி சொன்னது. ஆய்வில் பங்குபற்றினவர்களுக்கு ஆய்வு நிரூபித்த சிறந்த சிகிச்சை கிடைக்கவேணும் என்று 30 ஆம் பந்தி சொன்னது. வாசிக்க நல்லாயிருக்கு. ஆனால் இரண்டாவது விதியின் பொறியைக் கவனியுங்கோ: "பங்குபற்றினவர்களுக்கு." சலரோகத்துக்கோ எயிட்ஸுக்கோ ஆய்வு நடந்தால் பங்குபற்றினவர் நாளைக்கும் அதே மருந்துக்கு வருவார். அலரிக்கு? பங்குபற்றினவர் ஒரு கிழமையில் வீட்ட போய்விடுவார், அல்லது இறந்திருப்பார். அவருக்குத் திரும்ப அந்த மருந்து தேவையில்லை. தேவைப்படப்போவது அடுத்த மாதம் வரப்போகிற இன்னொரு பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை எந்த ஒப்புதல் படிவத்திலும் கையெழுத்து வைக்கவில்லை. ஆகவே விதியின்படி யாரும் அவளுக்குக் கடன்படவில்லை. நஞ்சு, பாம்புக்கடி, விபத்து, பிரசவம் என்று ஒருமுறை வந்து போகிற ஆபத்து எல்லாத்துக்கும் இந்த ஓட்டை பொருந்தும். 2013 திருத்தத்தில் வசனம் மாறியது. ஆய்வுக்கு முந்தியே ஏற்பாடு செய்யவேணும், நடத்துறவை, ஆய்வாளர், நாட்டின் அரசு மூவருக்கும் பொறுப்பு என்று வந்தது. ஆனாலும் அதே "பங்குபற்றினவர்". ஓட்டை அடைபடவில்லை.

எடில்ஸ்டன் மாதிரி ஆட்களை நான் திட்டவில்லை. மருந்து இல்லாமல் சனம் சாகிறது என்று சத்தம் போட்டதே அவைதான். மலிவான வழி தேடி அவையும் இலங்கை வைத்தியர்களும் வருசக்கணக்காக ஓடினார்கள். கரித்தூளை எடுத்துக்கொள்ளுங்கோ. வயிற்றில் இருக்கிற நஞ்சை உறிஞ்ச ஊக்கிய கரியைத் திரும்பத் திரும்பக் குடுப்பது. 2003 இல் 401 பேரில் செய்த ஆய்வில் கரி திரும்பத் திரும்பக் கிடைத்தவர்களில் 5 பேர் இறந்தார்கள், ஒரு தரம் மட்டும் கிடைத்தவர்களில் 16 பேர். எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. 2008 இல் மூன்று இலங்கை ஆஸ்பத்திரிகளில் 4632 பேரை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது, அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அலரி. ஒரு வித்தியாசமும் இல்லை என்றது. பிறகு பிரக்டோஸ் டைபொஸ்பேற் என்ற ஒரு சீனிப்பொருளைச் சோதிக்க 2010 இல் திட்டம் வெளியானது. அதுவும் வார்ட்டின் வழமை மருந்தாக வரவில்லை. இந்த வரிசையைத் திரும்ப ஒருக்கா வாசித்துப் பாருங்கோ. வேலை செய்கிற மருந்து ஒன்று கையில் இருக்கும்போதே, அதை வாங்க ஏலாத ஒரே காரணத்தால், ஆயிரக்கணக்கான நோயாளர்களின் உடம்பில் மலிவான வேறொன்றைத் தேடவேண்டி வந்தது. விலை என்பது கடைசியில் ஒட்டுகிற சீட்டு மாதிரித் தெரியும். இங்கே எந்த ஆய்வு நடக்கும், யாரின்ர உடம்பில் நடக்கும் என்பதையே விலைதான் எழுதியிருக்கு.

"மரத்தை வெட்டினால் பிரச்சினை முடிஞ்சுது" என்று ஒரு கட்சி இருக்கு. 1990 களில் உலகத்திலேயே தற்கொலை வீதம் மிகக் கூடின நாடுகளில் ஒன்று இலங்கை. அதைப் பாதிக்குக் கீழே இறக்கினதில் பெரிய பங்கு கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததுக்கு. 1984 இல் பரதியன், 1995 இல் மற்ற மிகக் கொடிய வகைகள், 1998 இல் என்டோசல்பான், பிறகு பரகுவாட். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்து ஆபத்தை எடுத்தால் அந்த ஒரு மோசமான பொழுது கடந்துபோகும், ஆள் பிழைப்பார், பிழைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிறகு வாழவே செய்கிறார்கள். இது உலகம் இலங்கையிடம் இருந்து படித்த பாடம். ஆனால் பூச்சிமருந்துக்கு இறக்குமதி லைசென்ஸ் இருக்கு, அதை வர்த்தமானியில் நிறுத்தலாம். அலரிக்கு யார் லைசென்ஸ் குடுத்தது? தோட்ட வேலியில், கோயில் வீதியில், போருக்குப் பிறகு ஆள் திரும்பாத வளவுகளில் தானாக முளைக்குது. பாடசாலைச் சுற்றாடலில் இருந்து அகற்றலாம், அகற்றவும் வேணும். முழுதாக அழிக்க ஏலாது. ஆகவே வார்ட்டில் இருக்கிற மருந்துதான் இங்கே தடைச்சுவர், அந்தச் சுவரில்தான் கல்லைக் கழற்றியிருக்கினம்.

"அரசாங்கத்திட்ட காசு இல்லை" என்பது அடுத்த பதில். 2022 இல் பரசிற்றமோலுக்கே அலைந்த நாடு என்று எனக்கும் தெரியும். ஆனால் இதே நாட்டில்தான் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தகக் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி, மருந்தைப் பெயருக்கு வாங்காமல் பொருளுக்கு வாங்க வேணும், மொத்தமாகப் பேரம்பேசி வாங்க வேணும் என்று உலகத்துக்கே காட்டினார். இதே நாட்டில்தான் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் கொள்வனவு வழக்கில், சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதானார். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்குத் தேவையானது ஒரு விசயம்: இம்யூனோகுளோபியூலினும் பிறபொருளெதிரிதான், பாப் அதன் ஒரு துண்டு. அந்த மருந்தின் கொள்வனவு நீதிமன்றம் வரை போயிருக்கும்போது, "காசு இல்லை" என்ற பதிலை நான் அப்படியே ஏற்கவேணுமா?

தொழில்நுட்பமும் மலையில்லை. பாம்புக்கடி மருந்தை இந்தியாவில் குதிரையின் இரத்தத்தில் இருந்து செய்து லட்சக்கணக்கான குப்பியாக விற்கிறார்கள், இலங்கையும் அதைத்தான் வாங்குது. ஒரு மிருகத்துக்கு ஏற்றி, இரத்தம் எடுத்து, பிறபொருளெதிரியைப் பிரித்து, நொதியத்தால் வெட்டுகிற வேலைதான் இதுவும். முதல் நோயாளி பிழைத்து அரை நூற்றாண்டாகப் போகிறது. இலங்கைக்கு மட்டும் அலரி பிரச்சினை என்றும் இல்லை, தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் இது நல்லாத் தெரியும். இரண்டு அரசும் சேர்ந்து, பத்து வருசத்துக்கு இத்தனை குப்பி வாங்குவம் என்று எழுதிக்குடுத்தால் செய்துதர ஆள் வரும். ஒரு நல்லெண்ணத் தூதர் மீன்பிடி, கலாசார மையம் எல்லாம் கதைச்ச பிறகு ஒரு ஐந்து நிமிசம் இதையும் கதைக்கலாம்.

எங்கட புலம்பெயர் உறவுகள் பற்றியும் ஒரு வார்த்தை. யாராவது இதை வாசித்து "எங்கட பழைய மாணவர் சங்கத்தால பத்துக் குப்பி வாங்கித் தாறம்" என்று எழுதுவார்கள், நல்ல மனசோடு. கொஞ்சம் பொறுங்கோ. பத்துக் குப்பி ஒரு ஆளுக்கே காணாது. குப்பிக்குக் காலாவதித் திகதி இருக்கு, குளிரில் வைக்கவேணும், முடிந்தால் திரும்ப வாங்கவேணும். படம் எடுத்துக் கையளிக்கிற நன்கொடை கோயில் மணிக்குச் சரி. உயிர்காக்கிற மருந்து மருத்துவ வழங்கல் பிரிவின் நிரந்தரப் பட்டியலில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று பெயர் எழுதின ஒதுக்கீட்டில் இருக்கவேணும். உங்கட காசைவிட உங்கட சத்தம் இதுக்குக் கூடப் பிரயோசனம். நீங்கள் இருக்கிற லண்டனிலும் ரொறன்ரோவிலும் இந்த மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கு.

முதல் வசனத்துக்கு வாறன். "சாகவெண்டு சாப்பிட்டவளுக்கு." அந்தச் சோதனையில் இருந்த 66 பேரும் அப்படி வந்தவர்கள்தான், கிட்டத்தட்ட எல்லாரும். அவர்களின் இரத்தத்தையும் இசிஜியையும் எடுக்கும்போது ஒருத்தரும் "சாக வந்தவளின் இதயம் எங்களுக்கு என்னத்துக்கு" என்று கேட்கவில்லை. அவர்களின் இதயம் உலகின் பெரிய சஞ்சிகைக்குப் போகத் தகுதியாக இருந்தது. அந்த அறிவு இன்றைக்கு உலகம் முழுக்க நஞ்சு மருத்துவப் புத்தகங்களில் இருக்கு. சிகிச்சை எடுக்கிற நேரம்தான் திடீரென்று அவள் செலவுக்குத் தகுதி இல்லாதவள் ஆகிறாள்.

(இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது அந்த மோசமான பொழுது இப்ப நடந்துகொண்டிருந்தால் 1926 க்கு எடுங்கோ. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், நாள் முழுக்க எடுக்கலாம். அல்லது பக்கத்தில் இருக்கிற ஆளிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கோ. இந்தக் கட்டுரையை விட்டுப்போட்டு அதைச் செய்யுங்கோ.)

யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கினது. அங்கே ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு இருக்கு, வடக்கில் நோயாளர்களில் நடக்கிற ஆய்வுகள் அந்த மேசைக்கு வருகின்றன. மருந்து ஆய்வுகள் இனியும் வரும். டெங்குக்கு வரும், சிறுநீரகத்துக்கு வரும், நஞ்சுக்கும் வரும். வரட்டும். அந்த மேசையில் இருக்கிறவர்களில் பலர் எங்கட அண்ணாமார், அக்காமார், சிலர் எங்களுக்குப் படிப்பித்தவர்கள். தகவல் படிவத்தில் ஊசி எத்தனை தரம் குத்துவார்கள், எத்தனை மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பார்கள், இடையில் விலகலாமா என்று எல்லாம் தமிழில் எழுதவைக்கிறார்கள், நல்லது. அதுக்குக் கீழே இன்னும் ஒரு கேள்வியைப் போடச்சொல்லிக் கேட்கிறம்: இந்த மருந்து வேலை செய்தால், இந்த ஆஸ்பத்திரிக்கு அடுத்தடுத்த வருசங்களில் வரப்போகிறவர்களுக்கு அதை யார் தருவது, என்ன விலைக்கு, எத்தனை வருசத்துக்கு? பதில் எழுதும் இடம் வெறுமையாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்க்க அனுமதிக்க வேண்டாம்.